வெளிநாட்டில் எந்த ஊர்? குமரி மாவட்டக் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

தக்கலைக்கு மேற்கே எங்கள் ஊரில் ஒரு ஜனவரி மாதம் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் கனடாவின் எட்மண்டனில், இளையவர் ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியளவில் உயிர் பிரிந்தது. இளையவர் இரவு விமானத்தைப் பிடித்து, விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டி, காலைச் சாயா நேரத்தில் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். மூத்தவர் இரண்டு இடங்களில் விமானம் மாற வேண்டியிருந்தது. முதல் இடத்திலேயே பனியால் ஒரு விமானம் தவறிப்போனது. உடலை ஐஸ் பெட்டியில் ஞாயிறு மாலைவரை வைத்திருந்தார்கள். அதற்குமேல் வைக்க வேண்டாம் என்று மூத்தோர் சொன்னதால், ஒரு செல்பேசியைத் தலைமாட்டில் சாய்த்து நிறுத்தி அவருக்கு முகத்தைக் காட்டிவிட்டு அடக்கம் செய்தார்கள். அவர் திங்கட்கிழமை மதியம் வந்து சேர்ந்தார்.

சில நாள் கழித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "எட்மண்டன நான் பாத்து எடுக்கல்ல அண்ணே. அங்க பேப்பர் சீக்கிரம் ஆவும்னு சொன்னாங்க, போனேன்."

நம் மாவட்டத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான். எந்த நாடு என்பதைப் பற்றி வீட்டில் மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. சம்பளம், ஏஜென்ட் பணம், விசாவின் வகை எல்லாம் அலசப்படுகின்றன. அந்த நாட்டுக்குள் எந்த ஊர் என்ற கேள்வி மட்டும் யாராலும் கேட்கப்படாமல் போகிறது. வீட்டு வாடகை, வேலைக்குப் போகும் தூரம், பிள்ளைகளின் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை ஆலயம், ஊருக்கு வந்துசேர ஆகும் நேரம் ஆகிய எல்லாவற்றையும் முடிவு செய்வது ஊர்தான் என்பது, போய்ச் சேர்ந்து இரண்டு வாடகை கட்டிய பிறகே தெரிய வருகிறது.

எல்லோருக்கும் இந்தத் தேர்வு கிடைப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போக, அரசின் குடிபெயர்வு அனுமதி பெற்றே போக வேண்டும்; போன இடத்திலும் கம்பெனி கொடுக்கும் கேம்ப்தான் அவர்களுடைய ஊர். சவூதியின் கிழக்குக் கரையிலும் பஹ்ரைனிலும் ஈரானிலும் விசைப்படகுகளில் வேலை பார்க்கும் நம் கரையோரத்து மீனவர்களுக்கு, படகு கட்டியிருக்கும் துறைதான் முகவரி. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது ஈரானில் சிக்கிய மீனவர்களைக் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு ஏற்றிவந்ததே, அதில் குமரிக் கரையினர் பலர் இருந்தார்கள். அவர்களிடம் போய் ஊர் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசுவது கேலியாகிவிடும். செவிலியர், பொறியாளர், கணக்கர், ஆசிரியர், கணினித் துறையினர், சொந்தமாகக் கடை வைக்க நினைப்பவர் என்று ஓரளவு கையில் தேர்வு உள்ளவர்களுக்கானது இந்தக் கட்டுரை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதமாக இருந்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அதே கணக்கெடுப்பில் மாநிலச் சராசரி சதுர கிலோமீட்டருக்கு 555 பேராக இருக்க, இங்கே 1,111 பேர் இருந்தார்கள். படித்தவர்கள் அதிகம், நிலம் குறைவு என்பதால் இத்தகையவர்களின் எண்ணிக்கை நம்மிடையே சிறியதாக இருக்க வழியில்லை.

வளைகுடாவை எடுத்துக்கொண்டால், அங்கே ஊர் தேடும்போது ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே எத்தனை ஆண்டு இருந்தாலும் அது தங்கல்தான், குடியேற்றம் ஆகாது. குடியிருப்பு அனுமதி பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் குறிப்பிட்ட நாள்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும் அல்லது பெட்டி கட்ட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் பத்தாண்டு கோல்டன் விசா, ஓய்வு பெற்றோர் விசா என்று சில வாசல்களைத் திறந்திருந்தாலும், அவை பெரும்பாலும் பெரிய சம்பளமோ சொத்தோ சேமிப்போ உள்ளவர்களுக்கானவை. ஆகவே வளைகுடாவில் நல்ல ஊர் என்பது, குடும்பத்தோடு இருந்துகொண்டே மாதம் மிச்சம் பிடிக்கக்கூடியதும், ஊருக்கு அவசரம் என்றால் ஓடி வரக்கூடியதுமான ஊர்தான். எங்கள் தாத்தா காலத்தவர்கள் 'பேர்ஷியா' என்று மொத்தமாகச் சொன்ன அந்தப் பகுதிக்குள் இந்த இரண்டு விஷயத்திலும் ஊருக்கு ஊர் எவ்வளவு வேறுபாடு என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

சவூதியில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்ற ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுக் குடும்பத்தை அழைத்துப்போனவர்கள் பலர். 2017 ஜூலையில் அந்த அரசு, உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு 100 வீதம் ஏறி, 2020-இல் அது 400 ரியால் ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால், ஆண்டுக்கு 14,400 ரியால். அதே 2020 ஜூலையில் மதிப்புக்கூட்டு வரியும் 5 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழோடு மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் திரும்பின. அப்பாக்கள் மட்டும் பேச்சிலர் அறைக்கு மாறினார்கள். தனியாகப் போய்ச் சம்பாதித்து வருவதற்கு ரியாதும் தம்மாமும் இன்றைக்கும் நல்ல ஊர்கள்தாம். குடும்பத்தோடு போக நினைப்பவர், கட்டணத்தைக் கம்பெனி ஏற்குமா என்பதை வேலைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அமீரகத்தில் அப்படித் தலைக்கட்டணம் இல்லை. மாதச் சம்பளம் 4,000 திர்ஹமோ, 3,000 திர்ஹமும் தங்குமிடமுமோ இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்பது 2019 முதல் விதி. ஆனால் அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்பது விசா அலுவலகத்தின் கவலையன்று. இங்கேதான் நம்மவர்களின் பெரிய கேள்வி எழுகிறது: வேலை துபாயில் என்றால் வீடு துபாயிலா, ஷார்ஜாவிலா?

ஷார்ஜாவில் வாடகை குறைவு என்பதில் ஐயமில்லை. துபாயில் ஒற்றைப் படுக்கையறைக்குக் கொடுக்கும் பணத்துக்கு அங்கே கூடுதலாக ஒரு அறை கிடைக்கலாம். துபாயில் ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுவசதிக் கட்டணமாக மின்கட்டண ரசீதோடு சேர்ந்து வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் இரண்டு ஊரையும் இணைக்கும் இத்திஹாத் சாலையின் காலை நேர நெரிசல் இந்தக் கணக்கில் வருவதில்லை. என் அத்தை மகன் ஷார்ஜாவின் அல் நஹ்தாவில் ஆறு வருடம் இருந்தார். காலை ஐந்தேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார். ஆறு மணிக்கு முன்பே அலுவலக வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்று, இருக்கையைச் சாய்த்து எட்டு மணிவரை வண்டிக்குள்ளேயே உறங்குவார். கழுத்துக்கு ஒரு தலையணையும் பல் துலக்கப் பிரஷும் எப்போதும் பின் இருக்கையில் கிடக்கும். மாலையில் திரும்பி வர எட்டரை ஆகும். பெரிய பெண் 'அப்பா வெள்ளிக்கிழமை வருவார்' என்று பள்ளியில் சொன்னாளாம், ஒரே வீட்டில் இருந்துகொண்டே.

இதைத் திர்ஹமாக மாற்றிப் பார்க்கலாம். துபாயின் சாலிக் சுங்கம் ஒருமுறை கடக்க 4 திர்ஹமாக இருந்தது. 2025 ஜனவரி இறுதியிலிருந்து காலை 6 முதல் 10 மணிவரையும் மாலை 4 முதல் 8 மணிவரையும் 6 திர்ஹம். போக ஒன்று, வர ஒன்று என்று நெரிசல் நேரத்தில் ஒரே ஒரு வாயிலைக் கடந்தாலும் நாளுக்கு 12, இருபத்திரண்டு வேலைநாளுக்கு 264 திர்ஹம். அதன்மேல் பெட்ரோல், வண்டித் தேய்மானம். நேரம் நாளுக்கு மூன்று மணி என்று வைத்தால் மாதத்துக்கு 66 மணி நேரம், அதாவது எட்டு வேலைநாளுக்குச் சமமான நேரம் சாலையில் போகிறது. இரண்டாவது பிள்ளை பிறந்தபின் அவர் துபாய் எல்லைக்குள் இருக்கும் அல் குசைஸுக்கு வீடு மாறினார். 2011-இல் திறந்த மெட்ரோவின் பச்சைத் தடம் அந்தப் பக்கம்தான் போய் முடிகிறது. ஒரு அறை குறைந்தது, வாடகை கூடியது, வண்டியை விற்றுவிட்டார். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மாதம் சில நூறு திர்ஹம் நட்டம் என்றுதான் அவர் சொல்கிறார். நான் அதை நட்டமாக எழுத மாட்டேன். அதே சமயம் மனைவிக்கும் ஷார்ஜாவிலேயே வேலை, பிள்ளைகளுக்கும் அங்கேயே பள்ளி என்று அமைந்தால், துபாய்க்கு மாறுவதில் ஒரு பொருளும் இல்லை. வீட்டில் எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வழிபாட்டு இடத்தைப் பற்றிய கேள்வி மற்ற மாவட்டத்தாரைவிட நமக்கு நெருக்கமானது. இங்கே ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், ஊரின் சமூக வாழ்வு முழுவதும் ஆலயத்தையோ கோயிலையோ பள்ளிவாசலையோ சுற்றியே நடக்கிறது. சவூதியில் மாற்று மதத்தவர் பொதுவில் வழிபட இடமில்லை. துபாயின் ஊத் மேத்தா, ஜெபல் அலி, ஷார்ஜாவின் யர்முக், மஸ்கட்டின் ரூவி, தோஹாவின் சமய வளாகம் ஆகிய இடங்களில் ஆலயங்கள் உள்ளன. பஹ்ரைனின் மனாமாவில் 1939 முதலே கத்தோலிக்க ஆலயம் உண்டு. ஜெபல் அலியில் 2022-இலும் அபுதாபியில் 2024-இலும் இந்துக் கோயில்கள் திறக்கப்பட்டன. இவற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு என்பது, குறிப்பாக வேலைக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் மனைவிக்கு, வாரத்தில் ஒருநாளாவது நான்கு முகங்களைப் பார்க்கக் கிடைக்குமா என்பதையே தீர்மானிக்கிறது. பள்ளியைப் பொறுத்தவரை, சிபிஎஸ்இ பாடத்திட்டம் எல்லா வளைகுடா நகரங்களிலும் கிடைக்கும். தமிழைப் பாடமாக எடுக்கும் வாய்ப்பு எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. அதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்க வேண்டும்.

இனி, உண்மையிலேயே குடியேற முடிகிற நாடுகள். இங்கே கணக்கு வேறு. இந்த நாடுகள் பெருநகரங்களில் கூட்டம் சேராமல் இருக்க, மற்ற ஊர்களுக்குப் போகிறவர்களுக்குச் சலுகை கொடுக்கின்றன; அந்தச் சலுகைக்காகப் போகும் ஊரில் நாம் வாழ முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரேலியாவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 2019 நவம்பரில் அறிமுகமான 491 என்ற வட்டார விசாவுக்குத் தகுதிப் புள்ளிகளில் 15 கூடுதலாகக் கிடைக்கும். வட்டாரப் பகுதியில் மூன்று ஆண்டு வாழ்ந்து வேலை செய்தபின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வட்டாரப் பகுதி என்றதும் நம்மவர்கள் வெட்டவெளியில் ஆடு மேய்க்கும் இடம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்றையும் தவிர மற்ற எல்லாமே அந்தக் கணக்கில் வட்டாரப் பகுதிதான். பெர்த்தும் அடிலெய்டும் தலைநகர் கான்பெராவும் அதில் அடக்கம். பெர்த் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ரியாத் இரண்டரை மணி பின்னால். அதாவது அம்மாவுக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்ய, பெர்த்திலிருப்பவர் ரியாதிலிருப்பவரைவிட அதிகமாகத் தொல்லைப்பட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஒருமுறை விமானம் மாறினால் திருவனந்தபுரம் வந்துவிடலாம். வடக்கே டார்வினில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை மழைக்காலம். மாவும் பலாவும் மரச்சீனியும் அங்கே விளையும். ஊர் சிறியது, வெயிலும் புழுக்கமும் கடுமை, ஆனால் பேச்சிப்பாறைப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பச்சை அந்நியமாக இருக்காது. செவிலியருக்கு இன்னொரு வசதி: ஆஸ்திரேலியாவில் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றே, ஓர் ஊர் பிடிக்கவில்லை என்றால் விசா நிபந்தனை முடிந்ததும் அதே பதிவோடு இன்னொரு மாநிலத்துக்குப் போகலாம்.

கனடாவில் அப்படியில்லை. செவிலியர் பதிவை மாகாணந்தோறும் தனித்தனி அமைப்புகள் பார்க்கின்றன; மாகாணம் மாறினால் மீண்டும் ஒரு விண்ணப்பம், மீண்டும் ஒரு காத்திருப்பு. டொரன்டோ நகரின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளும் தமிழ்ப் பள்ளிகளும் உண்டு என்பது உண்மைதான். அந்தச் சமூகத்தைக் கட்டியெழுப்பியவர்கள் பெரும்பாலும் ஈழத்திலிருந்து வந்தவர்கள், நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் அங்கே வாடகை கழுத்தைப் பிடிக்கிறது. ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய வரி 5 சதவீதம் மட்டும். ஒன்டாரியோவில் இரண்டும் சேர்ந்து 13. வீட்டு விலையும் ஆல்பர்ட்டாவில் குறைவு. எட்மண்டன்காரர் அந்தச் சேமிப்பில்தான் அங்கே வீடு வாங்கினார். குளிர் மைனஸ் முப்பதுவரை போகும் ஊர் அது. கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்த அப்பா ஒரே ஒரு கோடைக்கு வந்துவிட்டு, குளிர் தொடங்குமுன் என்னை அனுப்பிவிடு என்று திரும்பிவிட்டார். பெற்றோரைப் பின்னால் அழைத்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள், வெப்பநிலையை வாடகைக்கு அடுத்த வரிசையிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

பிரிட்டனில் அரசு மருத்துவத் துறையில் சேரும் செவிலியருக்கு, இங்கிலாந்து முழுவதும் ஒரே சம்பளப் படிநிலை. லண்டனின் உட்பகுதியில் 20 சதவீதம் கூடுதல் உண்டு, அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. வாடகை வேறுபாடு அதைவிடப் பெரியது. ஆகவே அதே படிநிலைச் சம்பளத்துக்கு வடக்கு ஊர்களே கைக்கு மிச்சம் தருகின்றன. நிரந்தர வசிப்புக்கான விதிகளை அந்த நாடு அடிக்கடி மாற்றுகிறது என்பதால், இன்றைய விதியை நம்பி வீட்டுக் கடன் வாங்க வேண்டாம். ஜெர்மனிக்குப் போகும் செவிலியர் பி2 என்ற மேல் இடைநிலை வரை ஜெர்மன் மொழி படித்துத்தான் முழு அங்கீகாரம் பெறுகிறார்கள். அந்த அங்கீகாரத்தையும் மாநில அலுவலகங்களே தருகின்றன, வேகம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

நம் மாவட்டத்தாருக்கு ஒரு தனி வசதி உண்டு. அதை நாமே சரியாக எண்ணிப் பார்ப்பதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி என்பதால், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மக்களில் பலருக்கு மலையாளம் புரியும், பேசவும் வரும். வெளிநாட்டில் ஓர் ஊரில் தமிழ்ச்சங்கம் இல்லாவிட்டாலும் மலையாளிகளின் செவிலியர் வட்டமோ சபைக் கூட்டமோ பெரும்பாலும் இருக்கும். புதிதாக வந்த நம் பெண் ஒருத்திக்கு வாடகை அறை பிடித்துத் தருவதும், முதல் பனிக்காலக் கோட்டை இரவல் தருவதும் அவர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனவே தமிழர் தொகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஊரை ஒதுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் தமிழ் என்று வந்தால் மட்டும் இந்த வசதி உதவாது. அதற்கு வார இறுதித் தமிழ் வகுப்பு உள்ள ஊர்தான் வேண்டும், அல்லது வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பொறுமை வேண்டும்.

திரும்பி வருவதையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். வளைகுடா போனவர் கட்டாயம் திரும்புவார். மற்ற நாடுகளுக்குப் போனவர் திரும்ப நினைப்பார். இருவருக்கும் இங்குள்ள நிலச் சட்டம் ஒன்றுதான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் இங்கே வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. பெற்றோர் வழி உரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்; விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். ரப்பர், தென்னை, வாழை என்று தோட்டமாகவே கிடக்கும் நம் மாவட்டத்தில், வெளிநாட்டுப் பணத்தில் பக்கத்துத் தோட்டத்தை வாங்கிப்போடலாம் என்ற எண்ணம் அநேகமாக எல்லோருக்கும் இருக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் அந்த நிலம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எட்மண்டன்காரர் கனடாக் குடியுரிமை வாங்கி மூன்று ஆண்டு ஆகிறது. அப்பாவின் ரப்பர் தோட்டம் அறுபது சென்ட். அதை ஒட்டிய நாற்பது சென்ட் விலைக்கு வந்திருக்கிறது. கனடாவுக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு பத்திரம் எழுதுபவரிடம் என்னையும் அழைத்துப்போனார். பத்திரம் எழுதுபவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அப்பாவோடது உங்களுக்கு வரும், அது உள்ளதுதான். இந்த நாப்பது உங்க பேர்ல எழுத முடியாது சார். ஷார்ஜா தம்பி பேர்லயும் முடியாது" என்றார். திரும்பும் வழியில் தோட்டத்துக்குப் போனோம். பால்வெட்டுக்காரர் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார். எட்மண்டன்காரர் பக்கத்து நாற்பது சென்டின் எல்லைக் கல்வரை நடந்துபோய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இளையவர் எப்போது வேலையை விட்டு வருவதாகச் சொன்னார் என்று என்னிடம் கேட்டார்.